சுருளிப்பட்டிக் குழியை மூடிய விதம்

இந்தத் தொகுப்பில் இதுவரை எழுதியவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். எனக்கு அதற்கு இன்னும் வெகுகாலம் இருக்கிறது. ஆனாலும் மண் அளவைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக யாராவது எழுத வேண்டும் என்று கூட்டத்தில் கேட்டபோது யோசிக்காமல் கையைத் தூக்கிவிட்டேன். யோசிக்காமல் கையைத் தூக்குவது என் சுபாவம். அதனால் ஒருவருக்கு என்ன ஆனது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

உங்களில் பாதிப் பேர் பெயர்களின் மேல் உள்ள மயக்கத்தில்தான் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். ஒரே மண்ணுக்கு இரண்டு மூன்று பெயர் இருக்கிறது என்று கல்லூரியில் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாம் நாட்டு முறை என்று சொல்வதில் மேல்தட்டு முழுக்க அமெரிக்கர்களிடம் வாங்கியது. அடித்தட்டில் இருக்கும் சீரிஸ் மட்டும்தான் நம்முடையது. ஒரு மண்ணை முதன்முதலாக எந்த ஊரில் பார்த்து எழுதினோமோ அந்த ஊரின் பெயரே அதற்கு. பன்னாட்டு முறை வேறு. நம் முறை பெயர் வைக்கும்போது மழையையும் வெயிலையும் கூடச் சேர்த்துக்கொள்ளும். பன்னாட்டு முறை வானத்தை நிமிர்ந்து பார்க்காது. குழிக்குள் என்ன தெரிகிறதோ அதுதான் கணக்கு.

கூடலூரிலிருந்து கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறும் ஜீப்பில் ஒருமுறை இதை ஓட்டுநருக்கு விளக்கிக்கொண்டே போனேன். கீழே மழை குறைவு, மேலே கொட்டித் தீர்க்கும். பாறை ஒன்றுதான், சரிவு ஒன்றுதான். ஆனாலும் மலையேறியதும் நம் முறையில் மண்ணின் பெயர் மாறிவிடும், பன்னாட்டு முறையில் மாறாமலும் இருக்கலாம் என்றேன்.

"அப்ப செக்போஸ்ட்ல மண்ணுக்கும் பேர மாத்தித்தான் உள்ள விடுவாகளா மேடம்?" என்றார் அவர்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் ஜீப் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உலகத்தில் இதைவிடச் சுவாரசியமான விஷயம் எதுவும் இல்லை என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்த காலம் அது. என்றாவது ஒருநாள் புது மண் ஒன்றைக் கண்டுபிடித்துப் பெயர் வைக்க வேண்டும் என்ற ஆசை வேறு. வெளியில் சொன்னதில்லை. நமக்குள் எல்லாருக்கும் இருக்கிற ஆசைதான்.

இனி சுருளிப்பட்டிக்கு வருகிறேன். அங்கே பேச்சியம்மாள் என்று ஒரு விவசாயி. கணவர் இறந்த பிறகு தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறவர். நான் பயிற்சியில் இருந்த வருடம் அவருடைய செவல் காட்டில், அதாவது செம்மண் நிலத்தில், ஆளுயரக் குழி ஒன்றைத் தோண்டினோம். வாழை வைப்பதற்கு நிலத்தைத் தயார் செய்து வைத்திருந்தார். நடுவதற்குள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுமதி கொடுத்தார். மேலே பழுப்பும் சிவப்புமான நல்ல மண், அதற்குக் கீழே களி கூடிய அடர் சிவப்பு, அடியில் வெளுத்த சுக்கான். சுண்ணாம்புக் கட்டிகள் கலந்த அந்தச் சுக்கான் அடியில் கிடக்கும் வரை பயிருக்குத் தொந்தரவு இல்லை.

குழியை மூடுவதற்கு நம்மிடம் ஒரு முறை இருக்கிறது. தோண்டும்போதே மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் குவிக்க வேண்டும். மூடும்போது அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். இவ்வளவுதான். அன்று குவித்ததெல்லாம் சரியாகத்தான் குவித்தோம். மூடுவதைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னை நிறுத்திவிட்டு, எங்கள் பிரிவுத் தலைவரும் மற்றவர்களும் சாப்பிடத் தென்னை மரத்தடிக்குப் போய்விட்டார்கள். மண்ணுக்குப் பெயர் வைக்கும் விவாதம் அங்கே தொடங்கிவிட்டது. நாட்டு முறையில் இது இன்னது என்று ஒருவர் சொல்ல, பன்னாட்டு முறையில் அந்தக் கட்டத்துக்குள் வராது என்று இன்னொருவர் மறுக்க, குரல்கள் உயர்ந்துகொண்டே போயின. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்கு வந்திருந்த ஜேசிபிக்காரரைக் கூப்பிட்டு, "தள்ளி மூடிருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு மரத்தடிக்கு ஓடினேன். அவர் கைக்கு எட்டிய குவியலை முதலில் தள்ளினார். அது மேல்மண். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்று எங்கள் தலைவர் வைத்த பெயர்தான் பதிவில் நின்றது. அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபித்துக்கொள்வார். விவாதத்தில் அவர் அதிகம் பேச மாட்டார். எல்லாரும் பேசி முடித்த பிறகு பெயரை எழுதுவார். எனக்கு அது மந்தமாகத் தெரியும்.

சில வருடங்கள் போயின. அவர் ஓய்வு பெற்றார். நாட்டு முறையையும் பன்னாட்டு முறையையும் ஒப்பிட்டு, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று பார்க்கும் வேலை வந்தது. பழைய குழிகள் இருந்த இடங்களுக்குத் திரும்பப் போய் மறுபடி மாதிரி எடுக்க வேண்டும். பள்ளத்தாக்குக்கு நான்தான் பொறுப்பு. கையைத் தூக்கியிருந்தேன், வேறென்ன.

பழைய இடத்துக்குப் போனால் கொஞ்சம் தள்ளித்தான் துளை போட வேண்டும். மூடிய குழி இயல்பான மண் அல்ல. இதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அந்தக் காலத்து ஜிபிஎஸ் எப்படியும் சில அடி தப்பாகக் காட்டியிருக்கும், அது காட்டும் புள்ளியில் நின்றாலே தானாகத் தள்ளி நின்ற மாதிரிதான். கெட்டிக்காரத்தனமான கணக்கு. மற்ற இடங்களில் பலித்தது. சுருளிப்பட்டியில் மட்டும் அந்தப் பழைய கருவி இம்மி பிசகாமல் சரியாகக் காட்டியிருந்தது.

வாழை முடிந்து நிலம் வெறுமையாக இருந்தது. பேச்சியம்மாள் அந்தக் காட்டில் பன்னீர் திராட்சை போட முடிவு செய்திருந்தார். பந்தலுக்குக் கல்லுக்கால்கள் வரப்போரம் அடுக்கிக் கிடந்தன. வீட்டுப் பக்கம் பாக்கெட்டுகளில் திராட்சைக் குச்சிகள் வேர்விட்டுத் துளிர்த்திருந்தன. பந்தலுக்கு அரசு உதவி கிடைக்க, மண் திராட்சைக்கு ஏற்றது என்று எங்கள் பிரிவு எழுதித்தர வேண்டும். நான் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்.

நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்து ஓரிடத்தில் நின்றேன்.

"அங்கனதான் போடணுமா தாயி?" என்று கேட்டார்.

"ஆமாம்மா, இதுதான் பாயிண்ட்டு."

"சரித்தான். அது உங்க எடந்தான."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த இடம் சுற்றியிருந்ததைவிடக் கொஞ்சம் வெளுத்திருந்தது. துளைக்கருவியை இறக்கினேன். மேலேயே சுக்கான் வந்தது. இறங்க இறங்கச் சுக்கான். அதற்கும் கீழே, வர வேண்டிய இடத்தைவிட வெகு ஆழத்தில், பழுப்புச் செம்மண். அதில் மக்கிய வேர்த் துணுக்குகள். கூடவே ரப்பர் பேண்டு சுற்றிய பிளாஸ்டிக் கவர்த் துண்டு ஒன்று.

உற்சாகத்தில் குறிப்பேட்டை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தேன். எங்கிருந்தோ அடித்து வந்த வண்டல் இங்கே படிந்திருக்கிறது; பழைய மேல்மண் அடியில் புதைந்து கிடக்கிறது; பிளாஸ்டிக் இருப்பதால் படிவு சமீபத்தியது. மேலே வாய்க்கால் ஓடுகிறது, என்றோ உடைந்திருக்கும். மனசுக்குள் எல்லாம் டக் டக்கென்று பொருந்திக்கொண்டது. புதைந்த மண்ணை இரண்டு முறைகளும் வேறு வேறு விதமாகக் கையாளும் என்பது உங்களுக்குத் தெரியும். பெயர்கள் விலகும். ஒப்பீட்டுக்கு இதைவிட அருமையான உதாரணம் எங்கே கிடைக்கும்? புது சீரிஸாகக் கூட இருக்கலாம். கவர்த் துண்டை வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற பேச்சியம்மாளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். வாய்க்கால் எப்போதாவது உடைந்ததா என்று கூடக் கேட்கவில்லை.

அறிக்கையில் இரண்டு விஷயம் எழுதினேன். ஒன்று, இந்த இடத்தின் பழைய வகைப்பாடு தவறு; முன்பு பார்த்தவர்கள் படிவைக் கவனிக்கவில்லை. இரண்டு, மேற்பரப்பிலேயே சுண்ணாம்பு இருப்பதால் திராட்சை இலை மஞ்சளடிக்கும். காடு பந்தலுக்கு ஏற்றதல்ல. ஒரு துளையை வைத்துக்கொண்டு ஒரு காட்டுக்கே தீர்ப்பு எழுதியிருக்கிறோம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெயரில்தான் முழு மனசும் இருந்தது.

ஒப்பீட்டுக் குழு வந்தது. வெளி மாநிலத்தவர்கள், வெளிநாட்டிலிருந்து ஒருவர். யாருக்கும் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பது என் வேலை. மரியாதைக்காக எங்கள் பழைய தலைவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவருடைய வகைப்பாடு தவறு என்று எழுதிய அறிக்கை அவர் கையிலும் இருந்தது. படித்திருந்தார். வண்டியில் வரும்போது அனுமந்தன்பட்டி நெல் வயல்களைக் காட்டி வந்தவர்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். என்னிடம் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை.

காட்டில் எல்லாரும் வட்டமாக நின்றார்கள். நான் படங்களைக் காட்டினேன். படிவு, புதைந்த மண், கவர்த் துண்டு. இரண்டு முறைகளிலும் பெயர்கள் எப்படி விலகுகின்றன என்று விளக்கினேன். நன்றாகவே பேசினேன். வெளிநாட்டுக்காரர் தலையாட்டினார். பேச்சியம்மாள் எல்லாருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆங்கிலம் புரியாவிட்டாலும், கைபேசியில் நான் காட்டிய படம் புரிந்துவிட்டது.

"ஏந்தாயி, இது அன்னிக்கு நீங்க போட்ட கவருல்ல?"

"எதும்மா?"

"சால்னாக் கவரு. எல்லாரும் அந்தத் தென்ன மரத்தடியில பரோட்டா தின்னுக்கிட்டே சண்ட போட்டீகளே. குழியில கவரையும் போட்டு மூடச் சொன்னது நீதான. மிசின்காரன்ட்ட, தள்ளிருங்க தள்ளிருங்கன்னு சொல்லிட்டு ஓடுன."

பேச்சியம்மாள் தலைவரைப் பார்த்துத் தொடர்ந்தார்.

"அய்யாவுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ள மண்ணக் கடைசியா மேல போட்டு மூடுனாக. எங்க மூத்தாரு மகன் கேட்டான், என்ன சின்னாத்தா, நல்ல மண்ண உள்ள போட்டுட்டு இத மேல போட்டுருக்காகன்னு. ஏலே, படிச்சவுக, ஏதோ மருந்து மண்ணு போட்டுருக்காக, உனக்கென்ன தெரியும்னு நாந்தான் ஏசி விட்டேன். அங்கன வச்ச வாழ மட்டும் குட்டையா நின்னுச்சு. மருந்து புடிக்க நாளாகும்னு இருந்துட்டேன். உழவுக்கு வர்ற டிராக்டர்காரன்ட்டயும், அங்கன மட்டும் கொழுவத் தூக்கிக்கடா, ஆபீஸ்காரவுக செஞ்சு வச்சதக் கலைச்சுப்புடாதன்னு ஒவ்வொரு தடவயும் சொல்லிருவேன்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் வேலையைத் தான் எப்படிப் பாதுகாத்தேன் என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கலைந்து, சுற்றியிருக்கும் மண்ணோடு எப்போதோ கலந்திருக்க வேண்டிய என் தப்பு, அப்படியே அடுக்குக் குலையாமல் இருந்ததற்குக் காரணம் அவர் எங்கள் மேல் வைத்த மரியாதை.

வெளிநாட்டுக்காரர் என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

இந்த இடத்தை நிறுத்திப் படியுங்கள். நெருக்கடி என்றால் வெள்ளம், விபத்து என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நம் தொழிலில் நெருக்கடி இப்படித்தான் வரும். ஒருவர் கேட்பார், எல்லாரும் நம் வாயைப் பார்ப்பார்கள், இளநீர் கையில் சூடேறிக்கொண்டிருக்கும். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இங்கே மண் முன்பு ஒருமுறை கலைக்கப்பட்டிருக்கலாம் என்கிறார்."

யார் கலைத்தது என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. "இருக்கலாம்" என்று ஒன்றையும் சேர்த்துவிட்டேன். மொழி எனக்கு நன்றாக வரும். அந்த நிமிடம் வரை அதில் எனக்குக் கர்வம்.

தலைவர் இளநீரைக் கீழே வைத்தார். "நாங்கள் கலைத்தோம் என்கிறார்," என்று ஆங்கிலத்தில் அவர்களிடம் சொன்னார். பிறகு பேச்சியம்மாள் சொன்னது முழுவதையும், மருந்து மண், டிராக்டர்காரர், சால்னாக் கவர் எதையும் விடாமல் நிதானமாகச் சொன்னார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். "நீதான" என்று பேச்சியம்மாள் என்னைக் காட்டிச் சொன்ன இடத்தில் அவர் "நாங்கள்" என்றே சொன்னார்.

குழுவினரில் ஒருவர், பரவாயில்லை, பன்னாட்டு முறையில் மனிதன் உண்டாக்கிய மண்ணுக்கும் ஓர் இடம் இருக்கிறது, அதில் சேர்த்துவிடலாம் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இறுக்கம் தளர்ந்தது. நானும் சிரித்தேன். தப்பித்தோம் என்று வந்த சிரிப்பு. குழியைத் தலைகீழாக மூடியதுகூட அவசரம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சிரிப்புக்கு அப்படி எந்தப் பெயரும் வைக்க முடியவில்லை.

"என்ன சொல்லிச் சிரிக்கிறாக?" என்று பேச்சியம்மாள் கேட்டார்.

"ஒண்ணுமில்லம்மா."

"சரி. அப்ப இந்தக் காட்டுல திராட்ச போடலாமா, கூடாதா?"

காடு ஏற்றதல்ல என்று எழுதியது தப்பு என்று தெரிந்துவிட்டது. ஏற்றது என்று எழுத, தள்ளிப்போய் வேறு குழி தோண்டி, மாதிரி எடுத்து, ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவு வர வேண்டும். அதை அவரிடம் சொன்னேன்.

"அதுக்குள்ள ஆடி போயிருமே," என்றார்.

நடவுக்கான ஆடி போய்த்தான் விட்டது. பாக்கெட்டில் இருந்த குச்சிகள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அதற்கு மேல் வைத்திருக்க முடியாமல் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த ஆடி வரை அந்தக் கல்லுக்கால்கள் வரப்போரமே கிடந்தன. ஆடு மேய்க்கிறவர்கள் அதில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்ததை, அந்த வழியாகப் போன ஒவ்வொரு முறையும் பார்த்தேன். பார்க்காமல் போக வேறு பாதை இருந்தது. அந்த வழியாகவும் சில தடவை போனேன்.

புதிய குழியின் முடிவு உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். நாட்டு முறையிலும் பன்னாட்டு முறையிலும், தலைவர் எப்போதோ எழுதிய பெயரும் அதற்கு நிகரான பெயரும்தான் வந்தன. விலகல் இல்லை. ஒப்பீட்டில் சுருளிப்பட்டிக்கு ஒரே ஒரு வரி. பள்ளத்தாக்கில் எங்கும் காணப்படும் சாதாரண நல்ல செவல், திராட்சைக்கு ஏற்றது. பெயர்களை ஒப்பிட உட்காரும்போது, ஒப்பிடுவது மண்ணையா நம் கைவேலையையா என்று முதலில் பாருங்கள். முறைகள் இரண்டும் அதைச் சொல்லித் தராது. எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவை ஒரு பெயர் கொடுத்துவிடும். கொடுப்பதுதான் அவற்றின் வேலை.

அந்தப் புதிய குழியை நானே நின்று மூடினேன். மேல்மண்ணைத் தார்ப்பாயில் தனியாக வைத்து, அடிமண்ணை மண்வெட்டியால் தள்ளி, மிதித்து, மறுபடி தள்ளி. பேச்சியம்மாள் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தடவ மருந்து ஒண்ணும் போடலையா?" என்றார்.

முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூடி முடித்ததும் பழைய இடத்தையும் தோண்டித் திருப்பிப் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் வேண்டாம் என்றுவிட்டார். அவர் சொன்னது சரி. அடுக்கு நின்றிருந்தாலும், இத்தனை வருடத்தில் சுக்கானும் செம்மண்ணும் தொடும் ஓரமெல்லாம் கலந்திருந்தது. கலந்ததைப் பிரித்து அடுக்க நம்மிடம் வழி கிடையாது. கண்மாயிலிருந்து கரம்பை என்னும் வளமான வண்டல் மண் அடித்துக் கொட்டிப் பார்த்தேன். கொஞ்சம் தேறியது, அவ்வளவுதான்.

தலைவரிடம் அறிக்கையில் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் பேச்சை மாற்றி, பேச்சியம்மாளுக்குக் குச்சி கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். "ம்" என்றார். அதன் பிறகு இருவரும் டீ குடித்தோம். மன்னிப்பு என் வாய்க்குள்ளேயே இருந்துவிட்டது.

மறுவருடம் பேச்சியம்மாள் வேறு குச்சிகள் வாங்கி நட்டார். இப்போது பந்தல் நிறைந்துவிட்டது. சென்ற மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போன என்னைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனார். திராட்சைக் காய்வெட்டு நாள். வேலைக்கு வந்திருந்த பெண்கள் கூடைகளை இறக்கிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, நான் யாரென்று தெரியாதவள், தூக்குவாளியை எடுத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏத்தா, இங்கன வெளிச்சம் பத்தல. சாப்பாட்ட மேடம் எடத்துக்குக் கொண்டுக்கிட்டு வாங்க."

"அது என்ன மேடம் எடம்?" என்று நான் கேட்டேன்.

"அந்தா, அங்கன. கொடி வைக்காம விட்டுருக்குல்ல. அது மேடம் மண்ணு, அதுல ஒண்ணும் வராது. சோறு திங்கத்தான் லாயக்கு."

பேச்சியம்மாள் அவளை முறைத்தார். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு பேச்சியம்மாளைப் பார்த்தாள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்லம்மா," என்றேன். எல்லாரும் அங்கே போய் உட்கார்ந்தோம். எனக்கு நடுவில் இடம் விட்டார்கள். பந்தல் முழுக்க இலை மூடிக் கிடக்க, அந்த இடத்துக்கு மேலே மட்டும் வெறும் கம்பிதான். வெயில் நேராகத் தலையில் விழுந்தது. பேச்சியம்மாள் தட்டில் சோற்றை வைத்து, குழம்பை ஊற்றி, "சாப்பிடு தாயி" என்றார். குனிந்துகொண்டே சாப்பிட்டேன்.